செவ்வாய்க்கிழமை செத்த மாடு

1

இந்த வாரம் புதன்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு ரோஜர் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். பூட்ஸ் நிறைய சாணி. அமெரிக்காவின் வடக்கே, குளிர் மிகுந்த ஒரு மாநிலத்தின் கிராமப்புறக் கவுண்டி ஒன்றில், பால்பண்ணைகளுக்கு அரசு தரும் உதவித்தொகையைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் நான் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கவுண்டி என்பதை நம் ஊர்க் கணக்கில் மாவட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். மனிதர்கள் குறைவு, மாடுகள் அதிகம்.

ரோஜர் ஆண்டுப் பதிவுக்கான கடைசி நாளைத் தவறவிட்டிருந்தார். இரண்டு நாள் தாமதம். காரணம் கேட்டேன். ஏரி நன்றாக உறைந்திருந்தது, பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போயிருந்தேன், மறந்துவிட்டது என்றார். பொய் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

இதற்கென்று எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. ‘விண்ணப்பதாரர் நல்லெண்ணத்துடனேயே நடந்துகொண்டார்’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. நான் அதில் டிக் போட்டு மேலாளரிடம் கையெழுத்து வாங்கினேன். பதினோரு மணிக்கு வேலை முடிந்தது. ரோஜரிடம் இப்போது மிஞ்சியிருப்பவை ஒன்பது மாடுகள். ஆனால் உதவித்தொகை கணக்கிடப்படுவது, அவருடைய தொழுவம் நிரம்பி வழிந்த பழைய ஆண்டுகளின் பாலை வைத்து. விதி அப்படி. கொஞ்சமாவது பால் விற்றுக்கொண்டிருந்தால் போதும், விற்றுப்போன மாட்டுக்கும் செத்துப்போன மாட்டுக்கும் சேர்த்துத் தொகை வரும்.

“என்னுடைய நல்ல மாடுகள் எல்லாம் மண்ணுக்குள் இருக்கின்றன. அவைதான் எனக்குச் சம்பாதித்துத் தருகின்றன” என்று சிரித்தார் ரோஜர். நானும் சிரித்தேன்.

மதியம் டைரியில் இதை எழுத உட்கார்ந்தபோதுதான் போன ஆண்டின் இதே வாரத்தைப் புரட்டிப் பார்த்தேன். இருபத்தாறு ஆண்டுகளாக நாள் தவறாமல் எழுதி வருகிறேன். எந்த நாளில் என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டால் சொல்லிவிடுவேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. போன ஆண்டு இதே வாரம், செவ்வாய்க்கிழமை, என் தங்கை வீட்டு மாடு செத்தது.

2

தங்கையின் பெயர் கலா. எனக்கு ஒன்பது வயது இளையவள். சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில், வாடகை வீட்டில் வளர்ந்தோம். மாடு என்பது எங்களுக்குத் தெருவில் சுவரொட்டி தின்னும் பிராணி, அவ்வளவுதான். கலாவைத் திட்டக்குடிக்கு மேற்கே ஒரு ஊரில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை சேகருக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், மக்காச்சோளம், பருத்தி. முதல் ஒரு வருஷம் அவளுடைய மாமியார் அவளைப் பெயர் சொல்லியே கூப்பிடவில்லை. “ஏய் பாக்கெட்டுப் பாலு, மாட்டுக்குப் பின்னாடி நிக்காத, ஒதைக்கும்” என்பாராம். மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்குள் பாக்கெட்டுப் பால் நான்கு மாடு கறக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அந்த நான்கு மாடுகளும் அரசு மானியத்துடன் வங்கிக் கடனில் வாங்கியவை. வெளியூர்க்காரர்களுக்குப் புரிவதற்காக, இந்த மானியம் எப்படி வரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கையில் தரமாட்டார்கள். மானியத் தொகை வங்கியிலேயே தனியாக நிற்கும். மூன்று ஆண்டு முடிந்ததும் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். நான்கு மாடும் கொட்டகையில் நின்றால் அந்தத் தொகையைக் கடனில் கழித்து, கணக்கை முடித்து, மாடுகளை விட்டுவிடுவார்கள். நடுவில் ஒரு மாடு செத்தால் காப்பீட்டுப் பணத்தில் இன்னொன்று வாங்கி நிறுத்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் மானியம் திரும்பிப் போய்விடும். அப்புறம் முழுக் கடனையும் கட்டியாக வேண்டும், அதற்கு மீதி மாடுகளை விற்பதைத் தவிர வேறு வழி கிடையாது. சுருக்கமாக, மானியம் வந்தால் மாடு கலாவுக்கு, வராவிட்டால் வங்கிக்கு.

கடன் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் பணம் அனுப்புவதாகச் சொன்னேன். சேகர் ஒப்புக்கொள்ளவில்லை.

“வேணாம் மச்சான். நாளைக்கி நான் பால் கேனத் தூக்கிக்கிட்டு நடந்தா, மச்சான் காசுல வாங்குன மாடு போவுது பாருன்னு ஊரு சொல்லும். கவர்மெண்டு காசுன்னா எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

அப்போது எனக்கு அது பிடித்திருந்தது. முறைப்படி போகிறார், வாங்க வேண்டியதை உரிமையோடு வாங்குகிறார் என்று நினைத்தேன். படிவங்களை நானே போனில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். காப்பீட்டுப் பத்திரத்தை இறக்கிப் படித்து, முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போட்டு அனுப்பினேன். “மச்சான் பேசுறது பேங்க் மேனேஜர் வூட்டுக்கு வந்த மாரி இருக்கு” என்று சேகர் கேலி செய்தார்.

3

செத்த மாட்டின் பெயர் புள்ளி. கறுப்பில் வெள்ளைத் திட்டுகள். நான்கில் அதிகம் கறந்தது அதுதான். அப்போது ஏழு மாதச் சினை. மூன்றாண்டு முடிந்து கடைசி ஆய்வு வருவதற்கு இருபது நாள் இருந்தது.

கலா கூப்பிட்டபோது அங்கே செவ்வாய்க்கிழமை காலை ஆறரை. இங்கே திங்கட்கிழமை மாலை ஏழு.

“அண்ணே, புள்ளி போயிடுச்சுண்ணே.”

“எப்போ?” என்றேன். எப்படி என்று கேட்கவில்லை. இதை ஓராண்டு கழித்து யோசித்துப் பார்க்கிறேன்.

“விடிகாலைல. கவுறு அவுந்து பக்கத்துக் கொல்லையில பூந்துடுச்சு. எளஞ்சோளம். வவுறு ஊதி அப்பிடியே...” அழுதாள்.

“சரியா மணி என்ன?”

“நாலே கால் இருக்கும். அதுக்கு என்னா இப்ப?”

பின்னாலிருந்து சேகரின் குரல் கேட்டது. “நாலு பத்து. டாக்டருக்குப் போன் போடலாம்னு செல்ல எடுத்தேன், அப்பதான் தல சாஞ்சிது. அவரு செல்லு ஆஃப்ல இருந்துச்சு.”

“காதுவில்லைய எடுத்துட்டீங்களா?” என்றேன்.

கடன் மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை ஒன்று குத்தியிருப்பார்கள். அதில் பன்னிரண்டு இலக்க எண். காப்பீட்டுக்காரர்களுக்கு மாடு என்றால் அந்த எண்தான். மாடு செத்தால் மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து சான்று தர வேண்டும், வில்லையை ஒப்படைக்க வேண்டும். வில்லை மட்டும் தனியாக வந்தால் வேறு மாட்டிலிருந்து கழற்றியது என்று சந்தேகப்படுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் காதோடு சேர்த்து அறுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

“மச்சான், அது வவுத்துல புள்ளயோட போயிருக்கு” என்றார் சேகர். “அதுமேல கத்தி வைக்கக் கூடாது. எங்க வூட்டுல அப்பிடிதான். மஞ்சத் தடவி, செவப்புத் துணி போத்தி, முழுசாப் பொதைக்கணும். எங்கம்மா இருந்திருந்தா கத்தி எடுத்தவன் கைய ஒடச்சிருக்கும்.”

“டாக்டர் வர வரைக்குமாவது பொறுங்க மாப்ள.”

“ஒம்போது மணிக்குள்ள எறக்கிடணும் மச்சான். அதுக்கு மேல வெயிலு ஏறிடும், வெடிச்சிடும்.”

போனை வைத்துவிட்டுப் பத்திரத்தைத் திறந்தேன். இறப்பை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. நான் கோடு போட்ட வரிகளில் அதுவும் ஒன்று. அங்கே யாரும் அதைச் செய்யப்போவதில்லை என்று தெரியும். நானே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, வங்கிக் கிளைக்கும் ஒரு நகல் போட்டேன். இன்று செவ்வாய்க்கிழமை அதிகாலை 4.10 மணிக்கு மாடு இறந்தது. ஏழு மாதச் சினை. இடது கொம்பில் நீலப் பெயிண்ட் உள்ளது. காலை ஒன்பது மணிக்குள் அடக்கம் செய்யப்படும். காதுவில்லை எண் இன்னது. இங்கும் அங்கும் உள்ள நேர வித்தியாசத்தில் குழப்பம் வரக்கூடாது என்று இந்திய நேரம் என்று அடைப்புக்குறியில் குறிப்பிட்டேன். இங்கே இரவு எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அனுப்பினேன்.

அனுப்பியதைக் கலாவிடம் சொல்லவில்லை. சொல்லுமளவு பெரிய காரியமாக அது எனக்குத் தோன்றவில்லை. அன்று டைரியில் ‘உரிய நேரத்தில் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன்.

4

சேகர் போனில் சொன்னதைக் கேட்டு, புதன்கிழமை காப்பீட்டு முகவர் கலா வீட்டுக்கு வந்து, காது இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கலா என்னைக் கூப்பிட்டாள்.

“தோண்டி எடுங்க” என்றேன்.

“அண்ணே, பொதைச்சு ஒரு நாளாயிடுச்சு.”

“ஆனா என்ன? வில்லை பிளாஸ்டிக்தானே, அழுகாது.”

“அவுரு மாட்டேங்குறாரு. சோறு கூட எறங்கல அவுருக்கு.”

“கலா, ஒரு காதா, மூணு மாடா? அவர்கிட்ட கேளு.”

இதைச் சொன்னது நான்தான். எழுத்தில் மென்மையாக்கிக்கொள்ளலாம், ஆனால் இந்தச் சொற்களில்தான் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும். அந்த வாரம்தான் என் காருக்கு நான்கு பனிக்கால டயர்களும் மாற்றினேன். அந்தப் பணத்தில் திட்டக்குடிச் சந்தையில் புள்ளியைப் போல ஒரு மாடு வாங்கிக் கொட்டகையில் நிறுத்தியிருக்கலாம். ஆய்வுக்கு வருகிறவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த எண்ணம் எனக்கு வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். காப்பீடு எதற்குக் கட்டினோம், கேட்டு வாங்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று அதை ஒதுக்கினேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தோண்டினார்கள். சேகரும் பக்கத்துக் கொல்லைக்காரரும். வீடியோவில் காட்டச் சொன்னேன். எண் சரியா என்று பார்த்துவிட வேண்டும், இன்னொரு தடவை தோண்ட முடியாது. கலா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போனைப் பிடித்திருந்தாள். முதலில் சிவப்புத் துணி தெரிந்தது, பிறகு கொம்பு. மாட்டுப் பொங்கலுக்கு அடித்த நீலம் மண்ணுக்குள்ளும் அப்படியே இருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் மேடேறி ஓடிப்போய் வாந்தி எடுத்தார். சேகர் ஒருவராகவே குனிந்து அறுத்தார். வெகு நேரம் ஆனது.

“நம்பர் தெரியல. துடைச்சுக் காட்டுங்க மாப்ள.”

லுங்கியின் நுனியால் துடைத்து, போனுக்கு நேராகப் பிடித்தார். பன்னிரண்டு இலக்கத்தையும் நான் சத்தமாகப் படித்து, கையிலிருந்த காகிதத்தோடு ஒப்பிட்டேன்.

“சரி” என்றேன்.

“சரியா இருக்கா மச்சான்?” என்றார் சேகர். “வேற எதுனா அறுக்கணுமா?”

5

காதை ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கலா கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். அங்கே இருந்த மருத்துவருக்கு நாற்பது வயதிருக்கும். சுற்றியுள்ள ஏழெட்டு ஊருக்கு அவர் ஒருவர்தான். மருந்து இருப்பில் இல்லாதபோது வெளியே வாங்கி வந்து ஊசி போட்டுவிட்டு, பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிற ஆள் என்று கலா பல முறை சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை போன் அணைந்திருந்ததில் அவருக்கு மனது கஷ்டமாக இருந்திருக்கிறது. முந்தின நாள் இரவு வேறு ஊரில் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்து தூங்கியிருக்கிறார்.

அவர் கலாவிடம் சொன்னதை அவள் வெள்ளிக்கிழமை என்னிடம் அப்படியே சொன்னாள். “செவ்வாக்கெழம செத்து, பொதைச்சு, தோண்டுனதுன்னு எழுதுனா பேப்பரு நிக்காதும்மா. இன்னிக்கி காலைல செத்துச்சு, நான் வந்து பாத்தேன், அறுத்துப் பாத்தேன், காத எடுத்தேன். முடிஞ்சிது. மாடு செத்தது நெசம். ஏஜெண்டுக்கு வாயாலதான் தெரியும், எழுத்துல ஒண்ணும் போவல. ரெண்டு நாளு முன்னப் பின்ன ஆனதை எவன் வந்து கேக்கப் போறான்?”

கலா சிரித்தபடிதான் சொன்னாள். அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். “தங்கமான மனுஷண்ணே. ஆய்வுக்கு முன்னாடியே காசு வந்துடுமாம். ஒன் மாப்ள இப்பவே சந்தையில ஒரு கெடேரி பாத்து வச்சிட்டாரு.”

நான் மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னேன்.

“அத திரும்ப எடுத்துக்கலாமாண்ணே?” என்றாள்.

“முடியாது.”

“அழிச்சிட முடியாதா? வாட்சப்புல அழிக்கிறோமே.”

அன்று எனக்குக் கோபம் வந்தது. மருத்துவர் மீது வந்தது. அரசாங்க முத்திரை வைத்திருக்கிறவர் ஒரு தேதியை மாற்றி எழுதலாமா என்று கலாவிடம் ஐந்து நிமிடம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும், “நீ எழுதாம இருந்திருக்கலாம்ண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

6

அடுத்து நடந்தவற்றில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மின்னஞ்சலில் செவ்வாய், சான்றில் வியாழன். காப்பீட்டு நிறுவனம் பொய்க் கோரிக்கை என்று திருப்பி அனுப்பியது. வங்கிக்கும் என் நகல் போயிருந்ததால் அவர்களும் பார்த்துவிட்டார்கள். மருத்துவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, கடலூரில் விசாரணை என்று ஆனது. விசாரணையில் வியாழன்தான் சரி என்று ஆனால் காப்பீடு கிடைக்கும், மாடு வாங்கலாம், மானியமும் தப்பும். அதுவரை பொறுக்கிறோம் என்று வங்கியில் சொன்னார்கள். மூன்று மாடும் அந்த மருத்துவரின் வேலையும் ஒரே கேள்வியில் வந்து நின்றன. புள்ளி செத்தது எந்தக் கிழமை?

கல்லூரியில் படிக்கும் என் மகள் வார இறுதிக்கு வந்தபோது இதைச் சொன்னேன். அவள் தமிழ் புரிந்துகொள்வாள், பேசுவது ஆங்கிலத்தில். கலாவை அத்தை என்று சொல்ல எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தும் அவளுக்குக் கலா ஆன்ட்டிதான். பன்னிரண்டு வயதில் ஒரு தடவை அங்கே போயிருக்கிறாள். கறந்த பால் சூடாக இருக்கிறது என்று குடிக்காமல் கீழே வைத்தவள்.

“கலா ஆன்ட்டியை நீங்களே போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்” என்றாள், அவளுடைய மொழியில்.

“உண்மையை எழுதினேன்.”

“யார் கேட்டார்கள்?”

ஒரு மாடு என்ன விலை என்று கேட்டாள். டாலரில் சொன்னேன். தன்னுடைய புது லேப்டாப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. வார இறுதிகளில் வருவதும் குறைந்தது. படிப்பு அதிகம் என்கிறாள்.

ரோஜருடைய பணம் இன்று வெள்ளிக்கிழமை அவர் கணக்கில் ஏறிவிட்டது. புதனன்று போட்ட டிக். இந்தக் கவுண்டியில் எந்தப் பண்ணைக்கு எவ்வளவு போகிறது என்பது இணையத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. யார் மீன் பிடிக்கப் போனார் என்பது அதில் இருக்காது.

7

ஜூன் மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சிதம்பரத்தில் கீழ வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன். எங்களுக்கு அங்கே வீடு இல்லை. கலாவும் சேகரும் லாட்ஜுக்கே வந்தார்கள். சேகர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கலாதான் பேசினாள்.

“அண்ணே, எனக்கு ஒண்ணு செய்யணும் நீ. விசாரணையில வந்து, நான்தான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லணும். செவ்வாக்கெழம மாடு வுழுந்து கெடக்குன்னு தங்கச்சி சொன்னா, நானா செத்துடுச்சுன்னு எழுதிட்டேன்னு. வியாழக்கெழமதான் செத்துச்சுன்னு.”

“பணம் கட்டிடறேன் கலா. மொத்தக் கடனையும்.”

“அந்த டாக்டரு பொண்டாட்டி வூட்டுக்கு வந்துச்சு. சண்ட போட வல்ல. மாடு எப்பிடிக்கா செத்துச்சுன்னு கேட்டுட்டு, மோரு குடிச்சிட்டுப் போச்சு. அதுக்கு நீ காசு கட்டுவியா?”

சரி என்றேன். இருபத்தாறு ஆண்டில் நான் எழுதிய ஒரு தேதியையும் அடித்துத் திருத்தியதில்லை. சொல்லிக்கொண்டே இருந்தால் வந்துவிடும் என்று, அன்று மாலை முழுவதும் லாட்ஜ் அறையில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகினேன்.

மறுநாள் கடலூர். மாடியில் ஒரு அறை, மேசை மேல் கட்டுக் கட்டாகக் கோப்புகள். விசாரணை அதிகாரி அறுபதை நெருங்கியவர், மரியாதையாகப் பேசினார். ஃபாரின்லேருந்து இதுக்காகவே வந்தீங்களா என்று டீ வரவழைத்தார். மருத்துவர் ஒரு ஓரத்தில், முழுக்கைச் சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தார். அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எனக்கு வணக்கம் சொன்னார்.

நான் பழகிய வாக்கியத்தைச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு என் மின்னஞ்சலின் நகலை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“மாடு படுத்துக் கெடந்துச்சுன்னுதான் தங்கச்சி சொன்னாங்க.”

“ஆமாம்.”

“நீங்களா செத்துடுச்சுன்னு நெனச்சிட்டீங்க.”

“ஆமாம்.”

“நாலு மணி பத்து நிமிஷம்னு போட்டிருக்கீங்களே சார். உசுரோட படுத்துக் கெடக்குற மாட்டுக்கு இந்தப் பத்து நிமிஷம் எங்கேருந்து வந்துச்சு?”

நான் குழம்பிவிட்டேன் என்றேன். வெளிநாட்டு நேரம், இந்திய நேரம் என்று ஏதோ சொன்னேன்.

“இந்திய நேரம்னு பிராக்கெட்டுல போட்டிருக்கீங்க” என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. “ஒம்போது மணிக்குள்ள அடக்கம்னு இருக்கு. வியாழக்கெழம சாவப் போற மாட்டுக்கு செவ்வாக்கெழமயே குழி வெட்டுவாங்களா சார்?”

கதவருகே நின்ற கடைநிலை ஊழியர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மருத்துவரும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். “நான் முப்பத்தி ரெண்டு வருஷம் சர்வீஸ் சார். எத்தினியோ பேப்பரு பாத்துட்டேன். இவ்ளோ ஒழுங்கா எழுதுன பேப்பரு நான் பாத்ததில்ல. இதைப் பொய்யின்னு நான் எப்பிடி சார் எழுதுறது?” கலா பக்கம் திரும்பினார். “ஒன் அண்ணன் அன்னிக்கி எழுதுனத நம்புறதா, இன்னிக்கி சொல்றத நம்புறதாம்மா? நீயே சொல்லு.”

கலா தலை குனிந்துகொண்டாள். அவளும் முதலில் எழுதியதைத்தான் நம்பினாள் என்று அந்தத் தலையைப் பார்த்தாலே தெரிந்தது.

கீழே இறங்கியதும் மருத்துவர் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். “வுடுங்க சார். நீங்க எழுதுனதுல ஒண்ணும் தப்பு இல்லியே” என்றார். கலாவிடம் மட்டும் நின்று, மிஞ்சிய மூன்றில் சினையாக இருந்த செவலையைப் பற்றிப் பேசினார். “செவல கன்னு போட்டதும் சீம்பால மூணு நாளு கன்னுக்கே வுடும்மா. வித்துடாத.”

“அது நம்மகிட்ட போடாது சார்” என்றாள் கலா.

8

கடலூர் பேருந்து நிலையம். எனக்குச் சிதம்பரம் வண்டி, அவர்களுக்கு வடலூர் வழியாக விருத்தாசலம் போய் அங்கிருந்து வேறு வண்டி. சேகர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். கலாவிடம், கடனை நான் கட்டிவிடுகிறேன், மாடுகளை விற்க வேண்டாம் என்று மறுபடியும் ஆரம்பித்தேன்.

“பேசியாச்சுண்ணே. நாளான்னிக்கி வண்டி வருது. மூணும் போவுது.”

“விசாரணை இன்னைக்குத்தானே நடந்தது?”

“போன வாரமே பேசிட்டாரு. அட்வான்ஸும் வாங்கியாச்சு.”

“அப்புறம் எதுக்கு என்னை வரச் சொன்ன?”

“டாக்டருக்குத்தான். ஒனக்குப் பொய் சொல்ல வராதுன்னு ஒன் மாப்ள அப்பவே சொன்னாரு. நான்தான், எங்கண்ணன் படிச்சவரு, எதுனா செய்வாருன்னேன்.”

சேகர் தண்ணீரோடு வந்தார். எனக்கும் ஒரு பாட்டில் வாங்கியிருந்தார். பணம் எடுத்தேன், வேணாம் மச்சான் என்று கையைத் தள்ளினார். இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். கடலூரை ஒட்டிய செம்மங்குப்பம் பக்கம் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலைக்குத் தெரிந்தவர் சொல்லியிருக்கிறார், அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவேன் என்றார். “பரவால்ல மச்சான், நானும் ஒங்கள மாரி வெளியூருக்காரன் ஆவுறேன்” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவர்கள் வண்டி முதலில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த கலா, கம்பியில் கையை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இனிமே ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணாத.”

“ஏன் கலா?”

“பண்ணா எடுப்பேன். எடுத்தா சாப்ட்டியான்னு கேப்ப. சாப்ட்டேன்னு நான் சொல்லணும்.”

வண்டி கிளம்பியது. சேகர் உள்ளேயிருந்து கையசைத்தார். கலா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகின்றன. நான் கூப்பிடவில்லை. அவள் என்னிடம் கேட்டவற்றில் நான் ஒழுங்காகச் செய்து முடித்தது இது ஒன்றுதான்.